கஞ்சியைச் சுண்ணாம்பு என்று எழுதியவள்

முதல் சொட்டு பழுப்பாகவே நின்றது.

பாலத்துச் சுவரில் ஒரு சொட்டு அயோடின் விட்டுவிட்டு நான் குனிந்து பார்க்கிறேன். எனக்குப் பக்கத்தில் கோட்டப் பொறியாளர், எங்கள் பெரிய இன்ஜினியர், குனிந்து பார்க்கிறார். எங்களுக்குப் பின்னால் பிள்ளையார்பாளையத்து நெசவுத் தெருப் பெண்கள் பத்துப் பேர், கையெல்லாம் கஞ்சியோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். அந்தச் சொட்டு நீலமாக வேண்டும். ஆகவில்லை.

"நேரம் எடுக்குமாம்மா?" என்று கேட்டார் பெரிய இன்ஜினியர்.

"இல்ல சார், உடனே ஆகணும்" என்றேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

சொட்டு மெதுவாக மங்கி, அதுவும் காணாமல் போனது. ஓய்வு பெற இன்னும் ஐந்து வாரம்தான். பென்ஷன் பேப்பரெல்லாம் மேலே போய்விட்டது. இந்த நேரத்தில் ஒரு பாட்டில் மருந்தை நம்பி, விடிந்தும் விடியாமலும், வேகவதி ஆற்றுப் பாலத்தின் மேல் நான் ஏன் நின்றுகொண்டிருந்தேன் என்று கேட்டால், அதற்கு ஒரே பதில்தான் உண்டு. என் கொழுப்பு.

ஒன்பது பாலம், ஒரே வெயில்

இந்தத் தொடரில் போன வாரம் நான் எழுதிய, தார்ச் சட்டியில் செருப்பைத் தொலைத்த கதையைப் படித்துவிட்டு, "நீங்கள் வேலையில் தப்பே செய்ததில்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா தாயே, இந்த வாரம் முழுக்க அதுதான்.

முப்பது வருஷத்துக்கு மேல் சாலை ஆய்வாளராகக் குப்பை கொட்டியவள் நான். ரோட்டில் பள்ளம் விழுந்தால் முதல் திட்டு எனக்கு, ரோடு நன்றாக இருந்தால் பாராட்டு வேறு யாருக்கோ. கடைசி வருஷத்தில் ஒரு வேலை வந்தது. வட்டாரத்தில் உள்ள பழைய பாலங்களையெல்லாம் நேரில் பார்த்து, எது தேவை, எது தேவையில்லை என்று படிவம் நிரப்ப வேண்டும்.

அதில் ஒன்று, வேகவதியின் மேல் நிற்கிற ஒரு செங்கல் பாலம். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. ஏழு வளைவு இருப்பதால் நாங்கள் ஏழு கண் பாலம் என்போம். ரெக்கார்டில் அதற்கு வெறும் நம்பர்தான். பக்கத்திலேயே கான்கிரீட்டில் புதுப் பாலம் வந்து ரொம்ப வருஷமாகிறது. பஸ், லாரி, கார் எல்லாம் அதில்தான் போகும். பழையதின் இரண்டு முனையிலும் குட்டைக் கல் நட்டு, வண்டி ஏறாமல் அடைத்துவிட்டார்கள்.

கீழே ஆறு என்று சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. வேகவதி என்று பெயர் வைத்தவன் மழைக்காலத்தில் வந்திருப்பான். ஊருக்குள் அவள் சாக்கடையைச் சுமந்துகொண்டு தவழ்கிறாள். ஆனால் அந்தப் பாலத்துக்கு அடியில் மட்டும் அகலமாக ஒரு பள்ளம். அதில் வருஷம் பூராவும் தண்ணீர் நிற்கும். ஆள் உயரத்துக்குக் கோரையும் நாணலும். நாரை, கொக்கு, தாழைக்கோழி என்று ஒரு கூட்டம் அதில் குடித்தனம் நடத்துகிறது.

நான் போனது பகல் பதினொரு மணிக்கு. அன்றைக்கு மட்டும் ஒன்பது பாலம் பார்க்க வேண்டும், அது ஏழாவது. முட்டி வலி வேறு. காரணம் சொல்லித் தப்பிக்கிறேன் என்று நினைக்காதீர்கள், தப்பிக்கத்தான் சொல்கிறேன்.

பாலத்தில் ஒரு ஈ, காக்கை இல்லை. கைப்பிடிச் சுவரில் சீரான இடைவெளியில் சின்னச் சின்ன ஓட்டைகள். சுவரின் வெளிப்பக்கம் நெடுக, வளைவு வரைக்கும், வெள்ளை வெள்ளையாக வழிந்து காய்ந்த தடம். பழைய பாலத்தில் வெள்ளைத் தடம் கண்டால் எங்களுக்குப் பயம். செங்கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிற சுண்ணாம்பு, தண்ணீரில் கரைந்து வெளியே வருகிறது, கட்டடம் உள்ளுக்குள் பலவீனமாகிறது என்று அர்த்தம்.

பத்து நிமிஷம் பார்த்தேன். எதிரே இருந்த பேக்கரியில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, டீயைக் குடித்துக்கொண்டே எழுதினேன். சுவரில் சேதம். சுண்ணாம்புக் கசிவு அதிகம். பொதுமக்கள் பயன்பாடு: இல்லை. கீழே கையெழுத்து. அவ்வளவுதான், எட்டாவது பாலத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

கதவைத் தட்டிய தனம்

மூன்று மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தனம் வந்தாள்.

தனலட்சுமியும் நானும் பிள்ளையார்பாளையத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. எங்கள் இரண்டு வீட்டிலும் தறி. நான் டிப்ளமோ படித்து சர்க்கார் வேலைக்கு வந்தேன். அவள் தறியோடு நின்று, இன்றைக்கு எங்கள் பழைய தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் பாவு நீட்டுகிற கோஷ்டிக்குத் தலைவி. பாவு என்றால் புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற இழை. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதை இருபது கஜத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தெளித்து, கையால் நீவி, காய வைத்துச் சுருட்ட வேண்டும். அதற்கு நேரான, நீளமான, வண்டி வராத இடம் வேண்டும்.

வந்தவள் உட்காரவில்லை. செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். பாலத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸ். பாழடைந்த பாலம் இடிக்கப்படும், இடித்த கல்லையும் மண்ணையும் கொட்டிப் பள்ளம் நிரவப்பட்டு, அங்கே வண்டி நிறுத்தும் இடம் அமைக்கப்படும். அடுத்த படம், என் படிவத்தின் நகல். யாரோ மனுப் போட்டு வாங்கியிருக்கிறார்கள்.

"இன்னாடி மல்லிகா, இந்தக் கையெழுத்து உன்னுதுதானே?"

"ஆமாம்."

"பயன்பாடு இல்லன்னு எழுதிக்கீறியே, அப்ப தெனம் காத்தால அங்க நிக்கற நாங்கல்லாம் யாரு, பேயா பிசாசா?"

"அங்க இன்னாடி பண்றீங்க?" என்று கேட்டேன். அவளோடு பேசினால் எனக்கும் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடும்.

"பாவு நீட்டறோம்டி! தெருவுல எங்க நீட்டறது? போன சித்திரையில ஒருத்தன் பைக்கை நேரா பாவு மேலயே ஏத்திட்டான். அறுந்து போச்சு. அறுந்ததைப் பாத்து நாங்க அழுதுக்கினு இருக்கோம், 'ரோடு உங்க அப்பன் வூட்டு சொத்தா'ன்னு எங்களையே கேட்டுட்டுப் போறான். அப்புறம்தான் பழைய பாலத்துக்குப் போனோம். நேரா இருக்குது, காத்து இருக்குது, வண்டி இல்ல. அஞ்சரைக்கு ஆரம்பிச்சு எட்டு மணிக்குள்ள சுருட்டிக்கினு வந்துடுவோம்."

"அப்ப அந்த ஓட்டை?"

"பாவைத் தாங்கற குச்சி நடறதுக்கு."

எனக்கு மெல்ல மெல்ல விளங்க ஆரம்பித்தது. விளங்கியதும் காது சூடாகிவிட்டது. அடுத்த கேள்வியை நான் கேட்கவே இல்லை, அவளே சொன்னாள்.

"சுண்ணாம்புக் கசிவாமே, சுண்ணாம்பு! நெசவாளி வூட்ல பொறந்து, கஞ்சித் தண்ணியில கை ஊறி வளந்தவ, கஞ்சியைப் பாத்து சுண்ணாம்புன்னு எழுதிக்கீறே. உங்க அப்பா இருந்திருந்தா நாண்டுக்கினு செத்திருப்பாரு."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, "எங்களுக்கு வேற எடம் இல்ல மல்லி" என்றாள். திட்டியதை விட அதுதான் எனக்கு வலித்தது.

ஐந்தரை மணிப் பாலம்

மறுநாள் காலையில் போனேன். ஐந்தரைக்கே.

சும்மா சொல்லக் கூடாது, அந்தக் காட்சியை நான் பத்து வயசில் பார்த்தது, அப்புறம் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். பாலத்தின் நீளத்துக்கு அரக்கு நிறத்தில் ஒரு பாவு, அதற்குப் பக்கத்தில் கிளிப்பச்சையில் ஒன்று. இரண்டு பக்கமும் பெண்கள், ஆண்கள். தெளிக்கிறவர் தெளிக்க, நீவுகிறவர் நீவ, யாரும் யாரையும் பார்க்காமலே கை போகிறது. காற்று அடித்தால் பாவு முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடும்.

தெளிக்கிற கஞ்சியில் கொஞ்சம் சுவரில் பட்டு வழிந்து, வெளிப்பக்கமாக இறங்கி, வளைவின் முனையில் நின்று, சொட்டு சொட்டாகக் கீழே தண்ணீரில் விழுந்தது. எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கண்ணுக்கும் அடியில் கெண்டை மீன் கூட்டமாக வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. அவற்றுக்குத் தினமும் காலைச் சாப்பாடு நேரம் தெரிந்திருக்கிறது. அந்த மீனுக்காக நாரை, நாரைக்குப் பயந்து கோரைக்குள் ஒளிகிற முக்குளிப்பான் குஞ்சு. ஒரு தாழைக்கோழி நீல உடம்பும் சிவப்புக் காலுமாக, பட்டுப் புடவை கட்டியவள் மாதிரி மெதுவாகச் சேற்றில் நடந்து போனது.

இத்தனை பேர் பயன்படுத்துகிற இடத்தைத்தான் நான் டீ குடித்துக்கொண்டே இல்லை என்று எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. தனம் பார்த்தாள், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள்.

பதினேழு பி

நேராக இர்ஃபானிடம் போனேன். எங்கள் உதவிப் பொறியாளர். ஆற்காட்டுப் பையன், முப்பதைத் தாண்டியிருக்க மாட்டான். அதிகாரி என்றாலும் என்னிடம் மரியாதை உண்டு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "பெரிய பேஜாரா போச்சே மேடம். டெண்டர் அடுத்த மாசம். இப்போ போய் ரிப்போர்ட் தப்புன்னு சொன்னீங்கன்னா, சரியா பாக்காம எழுதினீங்கன்னு ஆகும். பதினேழு பி போட்டாங்கன்னா?"

சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்களுக்கு அந்த நம்பர் போதும், தூக்கம் போய்விடும். அது குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அது நிலுவையில் இருந்தால் ஓய்வு பெறவே விட மாட்டார்கள். விசாரணை முடிகிற வரைக்கும் அலைய வேண்டியதுதான்.

"ரிட்டயர் ஆயிட்டுச் சொல்லுங்களேன்" என்றான் நல்லெண்ணத்தில்.

"அதுக்குள்ள இடிச்சிடுவாங்களே தம்பி."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். "எங்க ஊர்ல பாலாறுன்னா மணல்தான் மேடம். நான் அதுல கிரிக்கெட்தான் ஆடியிருக்கேன், தண்ணி பாத்ததில்ல. அந்தப் பள்ளத்துல இவ்ளோ தண்ணி நிக்குதுன்னு ஜாயின் பண்ணின அன்னிக்கே போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்" என்றான்.

அன்று மத்தியானம் எனக்கு வேலை ஓடவில்லை. எதையோ நினைக்க, அப்பா ஞாபகம் வந்தது. சின்ன வயசில் ஒருமுறை திருமுக்கூடலுக்குக் கூட்டிப் போனார். பாலாறு, செய்யாறு, எங்கள் வேகவதி மூன்றும் சேருகிற இடம். "நம்ம ஊர்த் தண்ணி இங்க வந்துதாம்மா பெரிசாவுது" என்று காட்டினார். எனக்கு மூன்றும் ஒரே மணலாகத்தான் தெரிந்தது. கோயில் சுவர் முழுக்க எழுத்து. இங்கே சோழர் காலத்தில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது, எத்தனை படுக்கை, என்னென்ன மருந்து, யார் யாருக்கு என்ன வேலை எல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறது என்று குருக்கள் சொன்னார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கையால் தடவிப் பார்த்து, "எண்ணிப் பாத்து எழுதிக்கீறான்" என்று மெச்சினார்.

அவ்வளவுதான் ஞாபகம். அப்போது எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை, வடை எப்போது வாங்கித் தருவார் என்பதில்தான் குறி. ஆனால் அன்றைக்கு மேஜையில் உட்கார்ந்து நினைத்தபோது சுருக்கென்றது. வெள்ளைத் தாளை எடுத்தேன். என் அறிக்கை தவறு, மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று நாலு வரி எழுதி இர்ஃபானிடம் நீட்டினேன்.

படித்தான். "சொன்னா மட்டும் பத்தாது மேடம். வெள்ளையா இருக்கறது கஞ்சிதான்னு பெரிய இன்ஜினியருக்குக் காட்டணும். எப்படிக் காட்டுவீங்க?"

எட்டாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் உருளைக்கிழங்கை வெட்டி, அதன் மேல் அயோடின் விட்டு, அது கருநீலமானதைக் காட்டியது நினைவுக்கு வந்தது. மாவுச்சத்து இருந்தால் நீலமாகும். கஞ்சியில் இருப்பது மாவுச்சத்து அல்லாமல் வேறென்ன? பக்கத்தில் தனம் தூங்கிக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது.

மருந்துக் கடைக்காரர் பாட்டிலைக் கொடுத்துக்கொண்டே, "எங்கேம்மா அடிபட்டது?" என்றார்.

"பாலத்துல" என்றேன்.

இரண்டாவது சொட்டு

என் கடிதத்தை இர்ஃபான் மேலே அனுப்ப, பெரிய இன்ஜினியரே நேரில் வந்தார். இப்படித்தான் அந்தக் காலையில் நாங்கள் எல்லோரும் குனிந்துகொண்டிருந்தோம், முதல் சொட்டு நிறம் மாறாமல் மங்கிப் போனது.

"இது மூணாவது கண்ணுக்கு மேலே இருக்கற இடம்" என்றார் கோட்டப் பொறியாளர். அதிகம் பேசாத மனுஷர். அவர் என்ன நினைக்கிறார் என்று முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "அப்ப இது சுண்ணாம்புதானே?"

"இது சுண்ணாம்புதான் சார்" என்றேன். பின்னால் தனம் 'ஐயோ' என்றது கேட்டது. வேறென்ன சொல்வது? ஒருமுறை பார்க்காமல் எழுதி மூக்குடைபட்டவள், கண்ணெதிரே பார்த்ததை இல்லை என்றா சொல்ல முடியும்?

நாலடி தள்ளிப் போய், அடுத்த வெள்ளைத் தடத்தில் இரண்டாவது சொட்டு விட்டேன். அவசரத்தில் மூன்று சொட்டாக விழுந்தது.

விழுந்த வேகத்தில் மை கொட்டின மாதிரி கருநீலம்.

பெண்கள் போட்ட சத்தத்தில் கோரைக்குள்ளிருந்து கொக்குக் கூட்டம் மொத்தமும் எழும்பிவிட்டது. தனம் என் தோளில் ஓர் அடி வைத்தாள், இன்றைக்கும் மழை வந்தால் அந்த இடம் வலிக்கிறது. பெரிய இன்ஜினியர் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "அதை இப்படிக் குடுங்கம்மா" என்று பாட்டிலை வாங்கிக்கொண்டார். நாலாவது கண், ஐந்தாவது கண் என்று சுவர் நெடுகிலும் அவரே சொட்டு விட்டுக்கொண்டே போனார். நீலம், நீலம், நீலம். ஆறாவதில் ஓர் இடம் மட்டும் பழுப்பு. பள்ளிக்கூடப் பையன் மாதிரி அவர் பாட்டில் தீருகிற வரைக்கும் விடவில்லை. இர்ஃபான் பின்னாலேயே நோட்டில் குறித்துக்கொண்டு ஓடினான்.

கடைசியில் சுவரின் மேல் கையை ஊன்றிக் கீழே எட்டிப் பார்த்தார். கெண்டைகள் வாயைத் திறந்து நின்றன.

"ரெண்டு கண்ணுல மட்டும் சுண்ணாம்புச் சாந்து ஏத்திப் பூசணும். மத்தபடி நல்லாத்தான் நிக்குது" என்றார் இர்ஃபானிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த ரிப்போர்ட்டை எழுதினது?"

"நான்தான் சார்."

"தெரியும். லெட்டர்ல எழுதினதை நேர்லயும் சொல்றீங்களான்னு பாத்தேன்."

என் கையெழுத்து

மெமோ வந்தது. விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். பதினேழு பி வரவில்லை, லேசான தண்டனைக்கான பதினேழு ஏ-தான் வந்தது. தண்டனை, கண்டனம். ஓய்வு பெறும் நாளுக்கு முந்தின வாரம் உத்தரவு கைக்கு வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு கரும்புள்ளி இல்லாத என் பணிப் பதிவேட்டில் கடைசிப் பக்கத்தில் ஒன்று. வருத்தம் இல்லை என்று பெருமைக்குச் சொல்ல மாட்டேன். இருந்தது, இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஆனால் அதற்கு முன்னால் புதுப் படிவம் ஒன்றை இர்ஃபான் என்னிடமே கொடுத்தான். "இதை நீங்கதான் எழுதணும்" என்றான். பாலத்துக்கே எடுத்துப் போய், குட்டைக் கல்லில் உட்கார்ந்து எழுதினேன். பொதுமக்கள் பயன்பாடு என்ற இடத்தில், உண்டு, தினமும் காலை ஐந்தரை முதல் எட்டு வரை, என்று எழுதினேன். கட்டத்தில் இடம் பத்தவில்லை, ஓரத்தில் பள்ளத்தையும் பறவையையும் சேர்த்தேன். இடிக்கிற உத்தரவு ரத்தானது. பள்ளத்தில் ஒரு கூடை மண் விழவில்லை. இந்தத் தை மாதத்தில் நான் இதுவரை பார்த்திராத வாத்துக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியிருக்கிறது. இர்ஃபான் அதற்கும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் எனக்குப் போக வேறு இடம் தோன்றவில்லை. கைப்பையில் கண்டன உத்தரவோடு பாலத்துக்குப் போனேன். தனத்துக்குப் படித்துக் காட்டினேன். பாவுக்குப் போடும் கஞ்சியைச் சுண்ணாம்புக் கசிவு எனத் தவறாகப் பதிவு செய்தமைக்காக என்று அதில் தெளிவாக இருக்கிறது.

"இன்னொரு தபா படி" என்றாள்.

படித்தேன்.

"சர்க்கார் காயிதத்துல நம்ம கஞ்சி பேரு வந்துடுச்சுடி!" என்று சிரித்தாள். சிரித்து, இருமி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கஞ்சிச் சட்டியை என் கையில் திணித்தாள். "இந்தா, தெளி. மறந்துட்டியா, இருக்குதா பாப்போம்."

தெளித்தேன். பாதி பாவில் விழுந்தது, பாதி சுவரில்.

"பாத்துடி! செவுத்துலயா பாவு போட்டுக்கீறோம்?"

சுவரில் விழுந்தது வழிந்து வளைவுக்கு இறங்கிக் கீழே சொட்டியது. வெயில் ஏற ஏற மிச்சம் அங்கேயே வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. நான் அதைத் துடைக்கவில்லை.